ரயில் பெட்டிக்கு அளவெடுத்த படகு

ஜூலை 5, சனி: ரிச்மண்ட், டெடிங்டன்

காலையிலிருந்து தூறல். குடை விரித்தால் அதிகப்படி, விரிக்காவிட்டால் அரை மணியில் தோள் நனைந்துவிடும். ரிச்மண்ட் ஸ்டேஷனிலிருந்து குன்றின் மேல் ஏறினால் தேம்ஸ் நதி ஒரு பெரிய வளைவாகக் கீழே கிடக்கிறது. உச்சியில் நிற்கும் செங்கல் மாளிகை இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. அந்த இடத்தில்தான் ஸ்டார் அண்டு கார்ட்டர் ஹோட்டல் இருந்தது. 1866 ஜூலையில் அங்கே கூடிய சிலர் 'தி கனூ கிளப்' என்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். கனூவும் கயாக்கும் பந்தய விளையாட்டானது அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான்.

கூட்டியவர் ஜான் மக்ரெகர், ஸ்காட்லாந்துக்கார வழக்கறிஞர். அதற்கு முந்தைய ஆண்டு லண்டன் லாம்பெத்தில் 'ராப் ராய்' என்ற படகைக் கட்டச் சொல்லி வாங்கி, ஐரோப்பிய நதிகளில் தனியாகச் சுற்றிவிட்டு வந்திருந்தார். நீளம் 15 அடி, அகலம் 28 அங்குலம், ஆழம் 9 அங்குலம், எடை 80 பவுண்டு. உடல் ஓக் மரம், மேல்தளம் சீடர். துடுப்பு 7 அடி. ஏன் சரியாக 15 அடி? ஜெர்மன் ரயில்களின் சரக்குப் பெட்டிக்குள் அது அடங்கவேண்டும். ஒரு நதி முடிந்து அடுத்த நதிக்குப் போக ரயில்தான் வழி. ஆக, இந்த விளையாட்டின் முதல் படகு நதியை அளந்து கட்டியதல்ல, ரயில் பெட்டியை அளந்து கட்டியது. அளவு நாடா அன்றைக்கு உள்ளே வந்ததுதான், இன்னும் வெளியே போகவில்லை.

மெட்ரிக் கணக்கில் ராப் ராய் 4.57 மீட்டர், 71 செ.மீ. அகலம், 36 கிலோ. இன்றைய ஒலிம்பிக் ஒற்றையர் கயாக் 5.20 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, 12 கிலோவுக்குக் கீழே இறங்கக்கூடாது. அகலமோ ஒரு ஆள் இடுப்பு நுழைந்தால் போதும் என்கிற அளவு. படகு நீளமாக நீளமாக, அது எழுப்பும் அலையில் வீணாகும் உழைப்பு குறைகிறது. ஒடுங்க ஒடுங்கத் தண்ணீர் இன்னும் சுலபமாக விலகுகிறது. பதிலுக்குக் கொடுப்பது சமநிலை. ராப் ராயில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிடலாம். பந்தயக் கயாக்கில் புதிதாக ஏறுபவர் கரையை விட்ட கையோடு தண்ணீருக்குள் இருப்பார்.

பெயர்க் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. கயாக் என்பது ஆர்க்டிக் பகுதியின் இனூயிட் மக்கள் மரச்சட்டத்தின் மேல் தோல் போர்த்திச் செய்த வேட்டைப் படகு: மேலே மூடியிருக்கும், துடுப்புக்கு இரண்டு முனையிலும் அலகு. கனூ வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் திறந்த படகு: ஒற்றை அலகுத் துடுப்பு. மக்ரெகர் கனூ என்று அழைத்தது உண்மையில் கயாக்கின் பேரன். அந்தப் பழக்கத்தால் இங்கிலாந்தில் இன்றும் இரண்டுக்கும் 'கனூயிங்' என்றே சொல்கிறார்கள். போட்டிப் பட்டியலில் கே என்றால் கயாக், சி என்றால் கனேடியன் கனூ, பின்னால் வரும் எண் ஆள் கணக்கு.

ரிச்மண்டிலிருந்து டெடிங்டனுக்கு பஸ், 1.75 பவுண்டு. எல்லோரும் இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குகிறார்கள், பள்ளிப் பையன்கள் உட்பட. டெடிங்டனில்தான் கடல் ஏற்றவற்றம் முடிகிறது. கலிங்குக்கு மேலே நதி, கீழே பாதிக் கடல். படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகள் மூன்று, பெரியதன் நீளம் 650 அடி. ரிச்மண்டுக்குக் கீழே 1894இல் திறந்த இன்னொரு தடுப்பு இருக்கிறது. ஏற்றத்தின் உச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் மட்டும் அதன் ஷட்டர்களைத் தூக்குவார்கள். மற்ற நேரத்தில் மேலே தண்ணீரைத் தேக்கி வைக்கும்.

டெடிங்டனுக்குக் கொஞ்சம் மேலே, டிராலாக் தீவுப் பக்கம் அந்தப் பழைய கிளப் இன்னும் இயங்குகிறது. 1873இல் 'ராயல்' பட்டம் சேர்ந்தது. 1874இல் துடுப்புப் போட்டிக்கென்று ஒரு சவால் கோப்பை வைத்தார்கள். ஆனால் அந்தத் தலைமுறை ஆங்கிலேயர்களின் ஆசை சீக்கிரமே பாய்மரத்துக்குத் தாவியது. கனூவில் பாய் கட்டி, 1886இல் நியூயார்க் வரை போய்ப் போட்டியிட்டார்கள். துடுப்புப் பந்தயம் இங்கே பிறந்து, இங்கேயே பாதியில் சோர்ந்துவிட்டது. அதை வளர்த்தெடுத்தது ஐரோப்பாக் கண்டம்.

மதியம் ஆற்றோர பப்பில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும், 17 பவுண்டு. மீன் நன்றாகவே இருந்தது. பக்கத்தில் கூழாக வந்த பச்சைப் பட்டாணியைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஜூலை 6, ஞாயிறு: டிவைசஸ்

டிவைசஸுக்கு ரயில் கிடையாது. 1966இல் நிலையத்தை மூடிவிட்டார்கள். ஸ்விண்டனில் இறங்கி பஸ், 3 பவுண்டு. ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைப் பார்க்காமல் வந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது: பஸ் கண்ணெதிரே கிளம்பிப் போக, கூரை ஒழுகும் நிறுத்தத்தில் நெடுநேரம். அங்கே காத்திருந்த ஒரு பாட்டி, கேட்காமலே புதினா மிட்டாய் நீட்டினார். மழையைப் பற்றி மட்டும் பேசினார். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கவே இல்லை.

இந்தச் சிற்றூருக்கு வரக் காரணம், இங்கிருந்து லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலம் வரை ஈஸ்டரில் நடக்கும் 125 மைல் பந்தயம். 1948 ஈஸ்டரில் டிவைசஸ் சாரணப் பையன்கள் 100 மணி நேரத்துக்குள் போய்ச் சேர முடியுமா என்ற பந்தயத்துக்காகக் கிளம்பி, 90 மணிக்குள் சேர்ந்துவிட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் இந்தப் போட்டி. இருவர் கயாக்கில் 1979இல் பிரையன் கிரீன்ஹாமும் டிம் கார்னிஷும் எடுத்த 15 மணி 34 நிமிடம்தான் சாதனை. படகு அதற்குப் பிறகு எவ்வளவோ மாறியும் அந்த நேரம் அப்படியே நிற்கிறது. காரணம் படகு அல்ல, தண்ணீர். வேகமான நேரம் வேண்டுமென்றால் தேம்ஸில் நல்ல நீரோட்டம் வேண்டும். ஓட்டம் அதிகமானால் ஆபத்து என்று போட்டியைச் சுருக்குவார்கள் அல்லது நிறுத்துவார்கள்.

ஊருக்கு மேற்கே 29 நீர்ப்பூட்டுகள் கொண்ட கேன் ஹில் படிக்கட்டு இருக்கிறது. படம் எடுக்க வருகிறவர்கள் பலர் பந்தயம் இதன் வழியே போகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. பந்தயம் கிழக்கே போகிறது. முதல் 15 மைல் ஒரு பூட்டுகூட இல்லாத அசைவற்ற கால்வாய். அனுபவமில்லாதவர்கள் கெட்டுப்போவது இங்கேதான்: தடை இல்லையே என்று விரட்டி ஓட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வரிசையாக வரும் 77 பூட்டுகளிலும் படகை விட்டு இறங்கி, தோளில் தூக்கி, ஓடி, அந்தப் பக்கம் இறக்கி ஏறவேண்டும்.

இந்த ஏறி இறங்குவதை 'போர்ட்டேஜ்' என்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் வீணானால் மொத்தத்தில் 77 நிமிடம். சேறான கரை, உயர்ந்த கல் விளிம்பு. முன்னால் இருப்பவர் இறங்கிப் படகின் மூக்கைப் பிடிக்கும்வரை பின்னால் இருப்பவர் துடுப்பைத் தண்ணீரின் மேல் தட்டையாக வைத்துப் படகைத் தாங்கவேண்டும். இருவரும் ஒன்றாக எழுந்தால் இருவரும் ஒன்றாகக் குளிப்பார்கள். இறக்கும்போது சுக்கான் கல்லில் இடித்து வளைவதுதான் பொதுவாக நடக்கும் சேதம். அதனால் உதிரிச் சுக்கான், கம்பி, அகலமான பிசின் டேப் ஆகியவற்றுடன் கரையில் துணைக்குழு காத்திருக்கும். சூடான கஞ்சி, வாழைப்பழம், காய்ந்த உடை எல்லாம் அவர்கள் பொறுப்பு. இரவில் மூன்று மணிக்கு ஒரு பாலத்தடியில் ஸ்பூனால் ஊட்டிவிடுவார்கள்.

இடைவிடாமல் போகும் இருவர் பிரிவு தவிர, நான்கு நாளாகப் பிரித்து ஓட்டும் பிரிவும் உண்டு: நியூபரி வரை 34 மைல், மார்லோ வரை 36, டெடிங்டன் பக்கம் வரை 38, கடைசி நாள் 17. அந்தக் கடைசி 17 மைல்தான் நேற்றுப் பார்த்த ஏற்றவற்ற நீர். இடைவிடாமல் போகிறவர்கள் டெடிங்டனை எப்போது அடைவோம் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணி டிவைசஸில் கிளம்பும் நேரத்தை வைக்கிறார்கள். கணக்குத் தப்பினால் ஏறும் நீர் முகத்தில் அடிக்கும். கரையேறி அடுத்த வற்றத்துக்குக் காத்திருக்கவேண்டியதுதான்.

ஜூலை 7, திங்கள்: ரயிலில்

லண்டன், பிரஸ்ஸல்ஸ், கொலோன், பெர்லின். கொலோனில் இணைப்பு ரயில் போய்விட்டது. தாமத அறிவிப்பு வந்ததும் பெட்டி முழுக்க ஒரே பெருமூச்சு. யாரும் குரல் உயர்த்தவில்லை. அடுத்த ரயிலில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டு.

மக்ரெகரின் 15 அடிப் படகுக்கு இடம் கொடுத்த தண்டவாளத்தில் இன்றைய 5.20 மீட்டர் கயாக்கை ஏற்ற வழியே இல்லை. அணிகள் எல்லாம் நீண்ட டிரெய்லரில் அடுக்கி சாலை வழியாகக் கொண்டுபோகின்றன. நால்வர் கயாக் 11 மீட்டர். அதைச் சில நிறுவனங்கள் துண்டாகக் கழற்றும்படி செய்துதருகின்றன.

ஜூலை 8, செவ்வாய்: குருனாவ்

பெர்லினின் தென்கிழக்கு மூலை. டிக்கெட் 3.80 யூரோ. எஸ்-பான் ரயிலில் இறங்கி 68ஆம் எண் டிராமில் ஏறினால் அது காட்டுக்கும் ஏரிக்கும் நடுவே போகிறது. இன்றும் மழை. லாங்கர் சே என்ற நீண்ட ஏரி ஈயத் தகடு மாதிரி இருந்தது. கரையில் பழைய பார்வையாளர் மாடங்கள்.

1924இல் கோபன்ஹேகனில் ஆஸ்திரியா, ஜெர்மனி, டென்மார்க், சுவீடன் நான்கும் கூடி முதல் சர்வதேச அமைப்பை உருவாக்கின. அதே ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் கனடாவும் அமெரிக்காவும் காட்சிப் போட்டி நடத்திக் காட்டின. பதக்கப் போட்டியானது 12 ஆண்டு கழித்து, 1936 ஆகஸ்ட் 7, 8 தேதிகளில், இந்த ஏரியில். ஒன்பது போட்டிகள். நான்கு 1000 மீட்டர், ஐந்து 10,000 மீட்டர். பெண்களுக்கு ஒன்றுகூட இல்லை. அவர்களுக்கு 1948இல் ஒரே ஒரு 500 மீட்டர் ஒற்றையர் கயாக்கைக் கொடுத்தார்கள். டென்மார்க்கின் காரென் ஹாஃப் வென்றார். கனூவில் பெண்கள் ஒலிம்பிக் தொடக்கக் கோட்டுக்கு வர 2021இல் நடந்த டோக்கியோ போட்டிவரை ஆனது. 85 வருடத் தாமதத்துக்கு எந்தத் தண்ணீரையும் காரணம் சொல்ல முடியாது.

1936இல் மட்டும் இருந்து பிறகு காணாமல் போன ஒரு வகை உண்டு: மடிப்புக் கயாக். மரக்கம்புச் சட்டத்தின் மேல் ரப்பர் பூசிய துணி. 10,000 மீட்டரில் மடியாத கட்டிப் படகை ஓட்டிய ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் கிரெப்ஸுக்கு 46 நிமிடம் 1.6 விநாடி ஆனது. மடிப்புப் படகில் ஆஸ்திரியாவின் கிரகோர் ஹ்ராடெட்ஸ்கிக்கு 50 நிமிடம் 1.2 விநாடி. ஹ்ராடெட்ஸ்கி மெதுவான ஆள் இல்லை. கட்டிப் படகில் 1000 மீட்டர் தங்கமும் அவருக்குத்தான். அந்த நான்கு நிமிடமும் துணிக்குக் கொடுத்தது. ஒவ்வொரு துடுப்பு வலிப்பிலும் சட்டம் லேசாக நெளிகிறது, துணி கம்புகளுக்கு நடுவே குழிகிறது. கையிலிருந்து போகும் விசையில் ஒரு பங்கு படகைத் தள்ளாமல் படகை வளைக்கப் போய்விடுகிறது.

ஹ்ராடெட்ஸ்கியின் 1000 மீட்டர் நேரம் 4:22.9. பாரிஸ் 2024இல் செக் நாட்டின் யோசெப் டோஸ்டால் 3:24இல் முடித்தார். ஒற்றையர் கனூவில் வித்தியாசம் இன்னும் பெரியது: 1936இல் கனடாவின் பிராங்க் அமியாட் 5:32.1, பாரிஸில் மார்ட்டின் ஃபுக்சா 3:43. பயிற்சியும் தசையும் ஒரு பங்கு. மீதியைப் படகும் துடுப்பும் பிரித்துக்கொள்ளும்.

மாடத்தின் கீழ் ஒதுங்கி நின்றபோது கிளப் பிள்ளைகள் பயிற்சிக்கு வந்தார்கள். மழையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. எப்படியும் நனையப்போகிறவர்கள். கரையோரப் பாதையில் சைக்கிளில் கூடவே வந்த பயிற்சியாளர், எண்களை மட்டும் கத்திக்கொண்டிருந்தார். நிமிடத்துக்கு எத்தனை வலிப்பு என்ற கணக்கு.

அவர்கள் கையில் இருந்தது இறக்கைத் துடுப்பு. 1980களின் நடுவில் சுவீடன்காரர்கள் கொண்டுவந்தது. சில ஆண்டுகளிலேயே தட்டைத் துடுப்பு பந்தயத்திலிருந்து மறைந்துவிட்டது. தட்டை அலகை நேராகப் பின்னுக்கு இழுத்தால் அதன் முதுகுப்பக்கம் தண்ணீர் சுழன்று கலங்கும், அலகு வழுக்கும். இறக்கை அலகு விமான இறக்கை போல ஒரு பக்கம் குழிந்து, மேல் விளிம்பு சுருண்டிருக்கும். அதைக் கால் விரலுக்குப் பக்கத்தில், படகை ஒட்டி இறக்கி, உடம்பைத் திருப்பும்போது வெளிப்பக்கமாகச் சாய்வாகப் போகவிட்டு, இடுப்பு வந்ததும் எடுத்துவிடவேண்டும். இழுப்பது கை அல்ல, முதுகும் காலும். வலது அலகு இறங்கும்போது வலது கால் பலகையை உதைக்கும். பழைய பழக்கத்தில் நேராக இழுத்தால் இந்த அலகு நடுங்கி, படகுக்கு அடியில் புகப் பார்க்கும். தடுமாறும்போது தண்ணீரில் ஊன்றிச் சமாளிப்பதும் இதில் கஷ்டம். சுருண்ட விளிம்பு கீழே இழுத்துவிடும்.

படகின் கதை இன்னும் வேடிக்கை. ரொம்ப நாள் குறைந்தபட்ச அகலம் என்று ஒரு விதி இருந்தது: ஒற்றையர் கயாக்குக்கு 51 செ.மீ. விதி அகலத்தைச் சொன்னதே தவிர, அகலம் எங்கே இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. டென்மார்க்கின் ஸ்ட்ருவர் பட்டறைக்கு யோர்கன் சாம்சன் வரைந்த மெல்லிய மரப்படகுகள் இந்த ஓட்டையில் நுழைந்தன. அந்த 51 செ.மீ.யை இருக்கைக்குப் பின்னால், தண்ணீருக்கு மேலே, ஒரு புள்ளியில் மட்டும் வைத்துவிட்டு, மற்ற இடமெல்லாம் ஒடுக்கிவிட்டார்கள். மேலிருந்து பார்த்தால் சாய்சதுரம். நீர்மட்டத்தில் படகு ஊசி. துடுப்பு இறங்கும் இடமும் ஒடுக்கம். சிட்னி ஒலிம்பிக்குக்குப் பிறகு அகல விதியையே எடுத்துவிட்டார்கள், சாய்சதுரமும் போய்விட்டது. நீளமும் எடையும் மட்டும் மிச்சம். போட்டி முடிந்து கரையேறியதும் சில படகுகளைத் தராசில் வைப்பார்கள். 12 கிலோவுக்குக் குறைந்தால் முடிவு ரத்து. அதனால் இன்னும் இலேசாகச் செய்ய முடிகிற பட்டறைகள்கூட எடைக்கட்டி ஒட்டி 12ஐத் தொட்டு நிறுத்துகின்றன.

ஒரு பையன் மட்டும் கனூவில் தனியாகப் போய்வந்துகொண்டிருந்தான். ஒரு முழங்காலை நுரைக்கட்டையில் ஊன்றி, மறுகாலை முன்னால் வைத்து, ஒரே பக்கம் மட்டும் துடுப்பு. சுக்கான் கிடையாது. வலது பக்கம் வலித்தால் படகு இடது பக்கம் திரும்பும். அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் அலகை வெளியே திருப்பி ஒரு தள்ளு. பக்கவாட்டுக் காற்று அடித்தால் இந்தத் தள்ளுக்கே பாதி பலம் போய்விடும். கயாக்காரர்களுக்குக் காற்று ஒரு தொல்லை, கனூக்காரர்களுக்கு அது தலைவிதி.

10,000 மீட்டர் ஒலிம்பிக்கில் 1956 வரை இருந்தது. அதில் முன்னால் போகும் படகின் பக்க அலையில் மூக்கை வைத்து உழைப்பை மிச்சம் பிடிப்பது ஒரு கலை. சுவீடனின் கெர்ட் ஃபிரெட்ரிக்சன், 1948 முதல் 1960 வரை ஆறு தங்கம் வென்றவர், இப்படி ஒட்டிக்கொண்டே வந்து கடைசியில் பாய்வதில் பேர் போனவர். குறுந்தூரத்தில் இது திருட்டு. 9 மீட்டர் பாதைக்குள் நடுவாகப் போகவேண்டும், பக்கத்துப் படகின் அலையைத் தொட்டால் வெளியேற்றம்.

டிராம் நிறுத்தத்துக்கு அருகே கறித்தூள் தூவிய பன்றி சாசேஜ், 4.50 யூரோ. மரக்குச்சிதான் கரண்டி.

ஜூலை 9, புதன்: பிராண்டன்பர்க்

பெர்லினிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். ஹாவெல் நதி ஊரைப் பல துண்டாக வெட்டிக்கொண்டு ஓடுகிறது. எந்தத் தெருவில் போனாலும் பாலம். பீட்ஸ்சே ஏரியில் மிதவைகள் வரிசை கட்டியிருந்தன. போட்டி இல்லாத நாளில் பார்க்க அதிகம் இல்லை.

கயாக் வீராங்கனை பிர்கிட் ஃபிஷர் இந்த ஊர்க்காரர். 1980இல் மாஸ்கோவில் 18 வயதில் முதல் தங்கம், 2004இல் ஏதென்ஸில் 42 வயதில் எட்டாவது. நடுவே 1984ஐக் கிழக்கு ஜெர்மனி புறக்கணித்ததால் அது போயிற்று. தங்கத்தில் நியூசிலாந்தின் லிசா காரிங்டன் பாரிஸில் அவரைச் சமன் செய்துவிட்டார். மொத்தப் பதக்கத்தில் ஃபிஷருக்கு 12.

ஜூலை 10, வியாழன்: பாட் டோல்ஸ்

மியூனிக்கிலிருந்து தெற்கே ஒரு மணி நேர ரயில். ஈசார் நதி பால் கலந்த பச்சை. கை வைத்தால் விரல் மரத்துப்போகும் குளிர்.

1905இல் ஆல்ஃபிரெட் ஹோய்ரிச் என்ற மாணவர், தானே செய்த மடிப்புப் படகில் இங்கிருந்து மியூனிக் வரை ஈசாரில் இறங்கினார். ரோசன்ஹைமில் தையற்கடை வைத்திருந்த யோகான் கிளெப்பர் அந்த வடிவமைப்பின் உரிமையை வாங்கித் தயாரிக்க ஆரம்பித்தார். தையற்காரர் கையில் படகு போனது தற்செயல் இல்லை; பாதி வேலை துணி வேலைதான். ராப் ராயை ரயில் பெட்டிக்கு அளவெடுத்தார்கள். இதை ரயில் பெட்டியின் சாமான் தட்டுக்கு அளவெடுத்தார்கள். கம்புகளுக்கு ஒரு நீளப் பை, துணிக்கு ஒரு முதுகுப்பை. சனிக்கிழமை வேலை முடித்து மலைக்கு ரயில், ஞாயிறு முழுக்க நதி, கீழே ஏதோ ஒரு நிலையத்தில் படகை மடித்து வீடு. சொந்தக் கார் இல்லாத ஆட்கள் மலை நதிக்குப் போனது இப்படித்தான். வெள்ளை நீர், அதாவது நுரைத்துப் பாயும் ஆற்று நீர்ப் பந்தயத்துக்கு ஆள் சேர்ந்ததும் இப்படித்தான்.

கட்டும் முறை எளிது, கெடுக்கும் முறையும் எளிது. மூக்குச் சட்டம், வால் சட்டம் இரண்டையும் தனித்தனியே பூட்டித் துணிக்குள் இரு பக்கமிருந்தும் நுழைத்து, நடுவில் நெம்பி இணைத்தால் துணி விறைக்கும். பிறகு குறுக்கு விலாக்கள், இருக்கை. பூட்டும்போது கம்புக்கும் துணிக்கும் நடுவே மணல் போனால், நாள் முழுக்க அங்கே உரசி உள்ளிருந்தே ஓட்டை போடும். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை.

ஊர் சரிவான தெருவில் ஒரு கடையில் பாலாடைக்கட்டி போட்ட ஸ்பெட்ஸ்லே, மேலே பொரித்த வெங்காயம், 13.50 யூரோ. ஒரு தட்டு இரண்டு பேருக்கு. பரிமாறிய அம்மாள் மீதி வைத்ததைப் பார்த்துவிட்டு, ருசி இல்லையா என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

ஜூலை 11, வெள்ளி: ஆக்ஸ்பர்க்

மழை ஒருவழியாக விட்டது. ஹோக்அப்லாஸ் என்ற தடுப்பணையில் லேக் நதி அருவியாக விழுகிறது. அதன் பக்கத்தில் பிரியும் வாய்க்கால்தான் ஐஸ்கனால், பனிக்கட்டி வாய்க்கால். குளிர்காலத்தில் நதியில் மிதந்து வரும் பனிப்பாளங்கள் குடிநீர் ஆலையின் கால்வாயில் புகாமல் திருப்பிவிட வெட்டியது. நகரத்தின் மற்ற நீர் அமைப்புகளோடு சேர்த்து 2019இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம் பெற்றது. வாசல், நுழைவுச்சீட்டு எதுவும் கேட்கவில்லை. புல் படிக்கட்டில் உட்கார்ந்து பார்க்கலாம்.

தொங்கும் கோல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டும் ஸ்லாலம் பிறந்தது 1930களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில், பனிச்சறுக்கைப் பார்த்து. அதுவும் அசையாத ஏரித் தண்ணீரில். கோடையில் சறுக்குக்காரர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. சீக்கிரமே காட்டாற்றுக்குப் போனது. 1949இல் ஜெனீவாவில் முதல் உலகப் போட்டி. 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்காக இந்த வாய்க்காலைக் கான்கிரீட்டில் மாற்றிக் கட்டினார்கள், ஒலிம்பிக் கண்ட முதல் செயற்கை வெள்ளைநீர்ப் பாதை. மேற்கு ஜெர்மனி கட்டிய பாதையைக் கிழக்கு ஜெர்மனி சுவிக்காவில் நகலெடுத்துத் தன் ஆட்களைப் பழக்கியது. ஆகஸ்டில் இங்கே வந்து நான்கு தங்கத்தையும் வாரிக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு ஸ்லாலம் 20 ஆண்டு ஒலிம்பிக்கில் இல்லை. இவ்வளவு செலவில் ஒரு செயற்கை ஆறு கட்ட அடுத்தடுத்த நகரங்கள் தயாராக இல்லை. 1992இல் பைரனீஸ் மலையடிவாரத்தில் லா செயு துர்ஜெலில் திரும்பி வந்தது. 1996இல் டென்னசியில் ஒகோயி நதியின் படுகையையே செதுக்கிப் பயன்படுத்தினார்கள். சிட்னியிலிருந்து பம்பு வைத்துத் தண்ணீரைச் சுற்றவிடும் பாதைகள் வந்தன. நகர்த்தக்கூடிய பிளாஸ்டிக் கட்டைகளால் அங்கெல்லாம் அலையின் வடிவத்தை மாற்றிக்கொள்ளலாம். ஐஸ்கனாலில் பம்பு இல்லை. மதகைத் திறந்தால் நதி வரும், கான்கிரீட் மேடுகள் நகராது. வழவழப்பான சுவரில் மோதிய நீர் திரும்பி வந்து அடுத்த அலையோடு மோதுகிறது. ஒரே இடத்தில் அலை ஒரு நொடி உயர்ந்து மறுநொடி அமுங்குகிறது. பத்து ஓட்டத்தில் பழகிய கோடு பதினோராவதில் இல்லாமல் போகும்.

கம்பியில் தொங்கும் கோல் ஜோடிகள் 18 முதல் 25 வரை. பச்சை வெள்ளை என்றால் நீரோட்டத்தோடு, சிவப்பு வெள்ளை என்றால் ஓட்டத்துக்கு எதிராக நுழையவேண்டும். கோலைத் தொட்டால் 2 விநாடி, வாயிலைத் தவறவிட்டால் 50 விநாடி கூடுதல். 50 வாங்கினால் அத்தோடு ஆட்டம் முடிந்த மாதிரி.

ஆட்டத்தைத் தீர்மானிப்பவை சிவப்பு வாயில்கள். மேட்டின் பின்னால் நீர் மேல்நோக்கிச் சுழலும் எதிரோட்டத்தில் அவை தொங்கும். இரண்டு ஓட்டங்களும் உரசும் கோட்டைப் படகின் மூக்கு வெட்டும்போது, திரும்பும் பக்கமே சாயவேண்டும், சைக்கிளில் திருப்பத்தில் சாய்வதைப் போல. பயந்து எதிர்ப்பக்கம் சாய்ந்தால், எதிரோட்டம் விளிம்பின் மேலேறி ஒரே நொடியில் கவிழ்த்துவிடும். சரியாக நுழைந்தவர் ஒரு அலகை ஊன்றி அதைச் சுற்றிச் சுழன்று, இரண்டு வலிப்பில் வெளியே வந்துவிடுவார். புதிதாக வந்தவர் அங்கேயே நின்று ஐந்து வலிப்பு வலித்துக்கொண்டிருப்பார். நேர வித்தியாசம் பெரும்பாலும் அங்கேதான் உண்டாகிறது.

அளவு நாடா இங்கேயும் உண்டு. குறைந்தபட்ச நீளம் 4 மீட்டராக இருந்ததை 2005இல் 3.50 ஆக்கினார்கள். குறுந்தூரப் படகுக்கு மேல்வரம்பு, ஸ்லாலம் படகுக்குக் கீழ்வரம்பு. விட்டால் அங்கே நீட்டிக்கொண்டே போவார்கள், இங்கே வெட்டிக்கொண்டே வருவார்கள். அரை மீட்டர் குறைந்ததும் படகு நின்ற இடத்தில் திரும்பத் தொடங்கியது. மெல்லிய வாலை வேண்டுமென்றே நீருக்குள் அமிழ்த்தி, மூக்கை ஆகாயத்தில் தூக்கி, கோலுக்கு அடியில் வாலை நழுவவிடுகிறார்கள்.

ஜூலை 12, சனி: ஆக்ஸ்பர்க்

காலையில் சிறுவர்களுக்குக் கயாக் கிராஸ் பயிற்சி. பாரிஸ் 2024இல் சேர்ந்த புதுப் பிரிவு: உயரமான சரிவுமேடையிலிருந்து நான்கு பேர் ஒரே நேரத்தில் தண்ணீரில் குதித்து, இடித்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். நடுவில் ஒரு இடத்தில் கட்டாயமாக முழுசாகக் கவிழ்ந்து நிமிரவேண்டும். படகு முட்டினாலும் உடையாத பிளாஸ்டிக். ஸ்லாலத்தின் நுட்பத்தில் ஊறியவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பதுண்டு. ஆனால் கரையில் நின்ற அப்பா அம்மாக்கள் கோலைத் தொட்டானா என்று கண்ணைக் கசக்கவேண்டிய அவசியமில்லை. முன்னால் வருபவன் ஜெயித்தான். டிவிக்கு அது போதும். பெண்கள் கனூ ஸ்லாலத்தின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை டோக்கியோவில் வென்றவர் ஜெசிகா ஃபாக்ஸ். பாரிஸில் பெண்கள் கயாக் கிராஸை வென்றவர் அவர் தங்கை நோயமி.

வாகன நிறுத்தத்தில் கார்களின் கூரை மேல் 3.50 மீட்டர் படகுகளை இரண்டிரண்டாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூக்கு முன்னாலும் நீட்டவில்லை, வால் பின்னாலும் நீட்டவில்லை.

மாலை ஆறு மணிக்கு மதகை இறக்கினார்கள். சத்தம் முதலில் போயிற்று, அப்புறம் நுரை. பத்து நிமிடத்தில் கான்கிரீட் மேடுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன, பாசி பிடித்த முதுகோடு. இரண்டு பையன்கள் இறங்கி, மேடுகளின் பின்னால் தங்கியிருந்த பிளாஸ்டிக் பாட்டில்களைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். கடையில் திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்கு 25 சென்ட். எந்த மேட்டின் பின்னால் பாட்டில் சுற்றி நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிவப்புக் கோல்கள் தொங்கிய அதே இடங்கள்.